உறுதியும் பற்றும்

"சொன்ன சொல் மாறாதவன்" என்று ஒருவனைக் குறித்துச் சொல்லும்போது உலகத்தார் அவனைப் புகழ்கின்றனர். "நேற்று ஒன்று சொன்னான், இன்று ஒன்று சொல்கிறான்" என்றால் இகழ்கின்றனர். கொடுத்த வாக்கைப் பொறுத்தமட்டில் இது சரியே. வாங்கிய கடனைத் திருப்பித் தருவதாகச் சொன்ன சொல்லையும், மணப்பந்தலில் மனையாளுக்குச் சொன்ன சொல்லையும் ஒருவன் மாற்றலாகாது. ஆனால் வாக்கு வேறு, கருத்து வேறு. வாக்கு என்பது பிறருக்கு நாம் பட்ட கடன். கருத்து என்பதோ, உலகம் இவ்வாறு இருக்கிறது என்று நாம் கொண்ட எண்ணம். உலகம் அவ்வாறு இல்லையெனத் தெரிந்த பின்னும் அவ்வெண்ணத்தை விடாதிருப்பது உறுதியா, பற்றா? அதனை விட்டுவிடுவது தோல்வியா, வெற்றியா? இக்கேள்வியை இங்கு ஆராய்வோம்.

இதனைச் சாத்திர வாதமாக ஆராய்வதைவிட, நடந்த ஒரு வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வதே நம்போன்ற உழைப்பாளி மக்களுக்குப் பயன் தரும். அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இப்பெங்களூர் மக்கள் இன்றும் "டாட்டா இன்ஸ்டிடியூட்" என்று வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், மலேரியா ஜுரத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர் பேராசிரியர் கோவிந்தராஜன் பத்மநாபன். அவருடைய ஆராய்ச்சி வாழ்வு நம் கேள்விக்கு நல்லதோர் விடையைத் தருகின்றது. ஆயினும் அதற்குமுன் அந்நோயின் கதையைச் சற்றே பார்த்தல் வேண்டும். மலேரியாவின் வரலாற்றில் பெரும்பகுதி, கைவிடப்பட்ட கருத்துகளின் வரலாறேயாகும்.

அந்நோயின் பெயரையே பாருங்கள். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குக் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய ஆவியே குளிர்காய்ச்சலைத் தருகிறது என்று பல நூற்றாண்டுகள் கற்றோரும் கல்லாதோரும் நம்பினர். சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறைவதையும் கண்டனர். காய்ச்சல் குறைந்தது கொசு குறைந்ததால் என்பதை அவர்கள் அறியார். செய்கை பலித்ததால் கருத்தும் சரியே என்று கொண்டனர். முழுப் பொய்யை விடுவது எளிது. பாதி பலன் தரும் பொய்யை விடுவதே கடினம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1880ஆம் ஆண்டில் அல்ஜீரியா தேசத்தில் இருந்த லாவெரான் என்னும் பிரெஞ்சுப் படை வைத்தியர், நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள கிருமியைப் பூதக்கண்ணாடிக் கருவியினால் கண்டார். காற்று அன்று, கிருமியே காரணம் என்றார். அதனைப் பலர் நம்பவில்லை. நம்பாதவருள் ஒருவர் ரொனால்டு ராஸ். இவர் 1857இல் அல்மோராவில் பிறந்து, இந்திய வைத்திய சேவையில் பணிபுரிந்தவர். லாவெரானின் கருத்தை மறுத்துக் கட்டுரைகளும் எழுதினார். ஆனால் 1894இல் லண்டன் சென்றபோது, பாட்ரிக் மான்ஸன் என்னும் வைத்தியர் அக்கிருமியை அவருக்குக் கருவியிலேயே காட்டினார். கண்டபின் ராஸ் தம் மறுப்பை விட்டார். தம் கட்டுரைகளைக் காப்பாற்றுவதிலேயே அவர் முனைந்திருந்தால், பின்னர் வந்த கண்டுபிடிப்பு அவர் கையால் நிகழ்ந்திராது.

அந்த மான்ஸனுக்கும் ஒரு கருத்து இருந்தது. கொசு நோயாளியின் இரத்தத்தைக் குடித்து, தண்ணீரில் விழுந்து மடிகிறது. அத்தண்ணீரைப் பருகுவோரைக் காய்ச்சல் பற்றுகிறது என்று அவர் எண்ணினார். கொசுவுக்குப் பங்கு உண்டு என்ற பாதி சரி. தண்ணீரால் பரவுகிறது என்ற பாதி பிழை. ராஸ் அக்கருத்தோடு இந்தியா திரும்பிப் பரிசோதித்தார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி, சிக்கந்தராபாத்தில் ஒருவகைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்ந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடியினாலேயே நோய் பரவுவதையும் மெய்ப்பித்தார். மனிதரிடத்தும் இதுவே நடக்கிறதென இத்தாலிய விஞ்ஞானிகள் அவ்வாண்டே காட்டினர். இங்கே நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. ராஸின் முடிவுகளை 1898 ஜூலையில் எடின்பரோ நகரில் கூடிய வைத்தியர் மாநாட்டில் எடுத்துரைத்தவர், அதே மான்ஸன்தான். தம் கருத்தின் பாதியை வீழ்த்திய செய்தியைத் தம் வாயாலேயே சபையில் அறிவித்தார். 1902இல் ராஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மான்ஸனுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் அறத்தின் தராசில் அவர் தட்டு தாழ்ந்ததென்று நாம் கூறமாட்டோம்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி நம் பெங்களூரிலேயே நடந்தது. 1883இல் ராஸ் இங்குப் படை வைத்தியராக இருந்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை அக்காலத்தில் அவர் அறியார். தம் பங்களாவில் கொசுத்தொல்லை மிகுந்திருக்கக் கண்டு, காரணம் தேடினார். சன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தொட்டியின் நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இவ்வாறே நீரைக் கொட்டிவிடலாம் என்று படை அதிகாரி ஒருவரிடம் சொன்னார். அவரோ, இயற்கையின் ஒழுங்கைக் கலைக்கலாகாது, கொசுவும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே படைக்கப்பட்டது, அதனைப் பொறுத்துக்கொள்வதே நம் கடன் என்ற கருத்தில் மறுத்துவிட்டார். இதனை ராஸ் தம் நினைவுகளில் எழுதியிருக்கின்றார். கண்ணெதிரே தொட்டி இருக்கின்றது, புழு இருக்கின்றது, கவிழ்த்தவர் வீட்டில் கொசு குறைந்ததும் தெரிகின்றது. எனினும் கருத்து இடங்கொடுக்கவில்லை. "எல்லாம் விதித்தபடி" என்னும் எண்ணம் எவ்வளவு சாந்தமான முகத்தோடு வந்து, எவ்வளவு துன்பத்தைத் தொடரச் செய்கிறது என்பதை நம் முன்னோர் தம் வாழ்விலேயே அறிந்தவர்கள். அதனை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி பேராசிரியர் பத்மநாபன் அவர்களிடம் வருவோம். 1938இல் சென்னையில் பிறந்தவர். எஞ்சினீயரிங் கல்லூரியிற் சேர்ந்து, அது தம் மனத்துக்கு உகந்ததன்று எனக் கண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். பின்னர் டில்லியில் உள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண் இரசாயனம் கற்று, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் உயிர் இரசாயனத்தில் 1966இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1994 முதல் 1998 வரை அக்கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். பட்நாகர் பரிசு 1983இலும், பத்மஸ்ரீ 1991இலும், பத்மபூஷண் 2003இலும் அவரை அடைந்தன. 2024இல் இந்திய அரசு புதிதாக நிறுவிய விஞ்ஞான ரத்னா விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. இவ்விருதுகளைச் சொல்லியது அவரை வியப்பதற்காக அன்று. இத்தனை புகழ் பெற்ற ஒருவருக்குத் தம் கருத்தை மாற்றுவது எளிதா, அரிதா என்பதை நீங்களே எண்ணிப் பார்ப்பதற்காகவே சொன்னோம்.

அவர் முதலில் ஆராய்ந்தது ஈரலைப் பற்றி. ஈரலின் வேலைகள் பலவற்றில் "ஹீம்" என்னும் பொருளுக்கு இன்றியமையாத பங்கு உண்டு. நம் இரத்தத்துக்குச் செந்நிறம் தருவதும் இந்த ஹீமே. அதன் நடுவில் இரும்பு அமைந்துள்ளது. ஈரலில் ஹீமின் வேலையைக் கற்ற அவர், பின்னர் மலேரியாக் கிருமியிடத்து அதனைத் தேடினார்.

அங்கே ஒரு புதிர் இருந்தது. மலேரியாக் கிருமி நம் இரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் குடியிருந்து, அங்குள்ள ஹீமோகுளோபினைத் தின்று வாழ்கின்றது. தின்னும்போது ஹீம் மிகுதியாக வெளிப்படுகின்றது. தனித்து நிற்கும் ஹீம் கிருமிக்கு நஞ்சு. ஆகையால் கிருமி அதனைப் பழுப்பு நிறப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கின்றது. குளோரோகுயின் மாத்திரை வேலை செய்ததும் அந்த ஒதுக்கும் தொழிலைத் தடுத்தே. இப்படி ஹீமின் நடுவிலே மூழ்கிக் கிடக்கும் கிருமி, தானும் தனியாக ஹீமை உண்டாக்குமா? அரிசி மண்டியில் குடியிருப்பவன், தன் சோற்றுக்காக வயலில் நெல் விதைப்பானா? விதைக்கமாட்டான் என்றே எவரும் சொல்வர். ஆனால் 1992இல் நமிதா சுரோலியா என்னும் விஞ்ஞானியும் பத்மநாபனும், கிருமி தானும் ஹீமை உண்டாக்குகிறது என்று காட்டினர். அதற்கு வேண்டிய கருவிகளுள் ஒன்றை அது மனிதனுடைய சிவப்பு அணுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று அவருடைய குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குடிவந்தவன் வீட்டுக்காரனுடைய மண்வெட்டியை எடுத்தே உழுகிறான்! இதிலிருந்து ஒரு நம்பிக்கை பிறந்தது. இந்த உழவைத் தடுத்துவிட்டால் இரத்தத்தில் உள்ள கிருமி மடியும். குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியாவுக்கும் புது மருந்து கிட்டும் என்பதே அந்நம்பிக்கை.

அந்நம்பிக்கையை மெய்ப்பிக்க ஒரே வழிதான் உண்டு. ஹீமை உண்டாக்கும் மரபணுவைக் கிருமியிலிருந்தே எடுத்துவிட்டு, அது வாழ்கிறதா, மடிகிறதா என்று பார்த்தல் வேண்டும். எலிகளைப் பற்றும் மலேரியாக் கிருமியில் இதனைச் செய்தனர். அருண் நாகராஜ் என்பவர் முன்னின்று, பத்மநாபனும் உடனிருந்து செய்த அந்த ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது. முடிவு என்ன? மரபணு நீக்கப்பட்ட கிருமி, இரத்தத்தில் தடையின்றி வளர்ந்தது! உழவை நிறுத்தியும் மண்டி அரிசியிலேயே அது உயிர்வாழ்ந்தது. ஆனால் அதே கிருமி கொசுவின் உடலில் முதிர்ச்சியடைய முடியாமல் நின்றது. அடுத்த உயிரைத் தொற்றுவதற்குரிய உருவத்தை அது எய்தவில்லை. ஈரலிலும் அதற்கு அந்த ஹீம் இன்றியமையாதது என்று தெரிந்தது. ஆகவே இந்த உழவு இரத்தத்தில் வாழ்வதற்காக அன்று. மண்டியில்லாத இடங்களில், அதாவது கொசுவிலும் ஈரலிலும் வாழ்வதற்காகவே என்பது புலனாயிற்று.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். முதற்கட்டுரைக்கும் இக்கட்டுரைக்கும் இடையே இருபத்தொரு ஆண்டுகள். அத்தனை காலம் வளர்த்த நம்பிக்கையின் முக்கியமான பகுதியை, அவருடைய குழுவினரின் சோதனையே தள்ளிவிட்டது. அப்பொழுது அவர் மனத்தில் என்ன எழுந்தது என்று சொல்ல நாம் புகவில்லை; அது நமக்குரியதன்று. செயலையே பார்க்கின்றோம். அம்முடிவு மறைக்கப்படவில்லை, அச்சேறிற்று, அதில் அவர் பெயரும் இருந்தது.

ஆலையில் தறியின் முன் பல ஆண்டுகள் நின்ற நமக்கு இதன் அருமை விளங்கும். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் நாடா ஓடிக்கொண்டேயிருக்கும். சில கஜம் நெய்தபின் கண்ணிற் படும். அப்பொழுது நெசவாளிக்கு இரண்டு வழிகள் உண்டு. தறியை நிறுத்தி, இழையைத் தேடி முடிந்து, போன கூலி போகட்டுமென்று செய்வது ஒன்று. மேஸ்திரி கண்ணுக்குத் தெரியாமல் துணியைச் சுருட்டி உள்ளே விடுவது மற்றொன்று. சுருட்டிய துணி ஒருநாள் விரிக்கப்படும். அதை விரிப்பவர் யாரோ ஓர் ஏழையாகவும் இருக்கலாம். மருந்தின் விஷயத்திலோ அவர் நோயாளியாக இருப்பார்.

கருத்தை விட்டதனால் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. எந்த இடத்தில் தாக்கவேண்டும் என்பது தெளிந்தது. அதோடும் நிற்கவில்லை. 2022இல் நாகராஜும் பத்மநாபனும் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், கிருமி தானே உண்டாக்கும் ஹீமானது, எலிகளில் மலேரியா மூளையைத் தாக்கும் கொடுமைக்குத் துணைசெய்கிறது என்று கண்டனர். தோலிற் படரும் படைநோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் கிரிஸியோபல்வின் என்னும் மலிவான மருந்து, எலிகளை அக்கொடுமையிலிருந்து காத்தது. கிருமியின் உயிர் அந்த ஹீமில் இல்லை; ஆனால் கிருமியின் கொடுமையில் ஒரு பங்கு அதில் இருக்கின்றது. முன்னைய கருத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த கையால் இதனை எடுத்திருக்க முடியுமா?

இப்பொழுது நம் கேள்விக்கு விடை கிடைக்கின்றது. உறுதி என்பது நோக்கத்தில் இருக்கவேண்டுவது. பற்று என்பது கருத்தில் ஒட்டிக்கொள்வது. மலேரியாவின் துன்பத்தைத் தீர்க்கவேண்டும் என்ற நோக்கத்தில் அந்த விஞ்ஞானி முப்பது ஆண்டுகள் அசையவில்லை. ஆகையினாலேயே கருத்தில் அசைய முடிந்தது. நோக்கத்தில் உறுதியில்லாதவனே கருத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அவனுக்கு வேறு பிடிப்பு இல்லை. ஆற்றைக் கடக்க உதவிய ஓடத்தைக் கரையேறிய பின்னும் தலையிற் சுமந்து செல்பவனைப் பற்றிப் பகவான் கூறிய உவமையை நீங்கள் அறிவீர்கள். அவர் தம் போதனையையே அவ்வாறு கருதச் சொன்னார் என்றால், நம்முடைய சொந்த அபிப்பிராயங்களின் மதிப்பு எவ்வளவு?

கருத்துப்பற்று கல்வியாளரை மட்டும் பிடிப்பதன்று. அது நம் வீட்டு அடுக்களையிலும் உண்டு. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சளில் உள்ள "குர்குமின்" என்னும் பொருளைப் பத்மநாபனின் குழுவினர் மலேரியாவுக்கு எதிராகச் சோதித்தனர். அது கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 2005இல் எழுதினர். ஆர்ட்டிமிஸினின் வகையைச் சேர்ந்த ஆர்ட்டீத்தர் என்னும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, எலிகளில் நோய் திரும்பி வராமல் தடுத்ததென 2006இல் வெளியிட்டனர். இச்செய்தியைக் கேட்டவுடன் நம்மவர் சிலர், "பார்த்தீர்களா, எல்லாம் நம் பாட்டி சொன்னதுதான், இனி மாத்திரை எதற்கு?" என்பர். ஆராய்ந்தவர் சொன்னது என்ன? மஞ்சளில் உள்ள பொருள் மருந்துக்குத் துணையாகலாம் என்பதே. அதுவும் எலியிடத்துக் கண்டது. குர்குமின் மனித உடலிற் சேர்வது மிகச் சொற்பம். மனிதர்க்கான மலேரியா சிகிச்சையில் அது இன்னும் இடம்பெறவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியை விட்டு மஞ்சட்பாலையே கொடுத்துக் காத்திருக்கும் தாய், அன்பில் குறைந்தவள் அல்லள். ஆயினும் மூளையைத் தாக்கும் மலேரியா அவள் அன்பைக் கேட்டு நிற்பதில்லை. ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

முன்னோர் அறிவை இகழ்கிறோம் என்று எண்ணாதீர்கள். சீன தேசத்துத் தூ யூயூ அம்மையாரை நோக்குங்கள். 4ஆம் நூற்றாண்டு வைத்திய நூல் ஒன்று காய்ச்சலுக்குக் கூறிய ஒரு செடியை அவர் ஆராய்ந்தார். முதலில் பிழிந்த சாரம் சரிவரப் பலிக்கவில்லை. சூட்டினால் அதன் குணம் கெடுகிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈத்தரைக் கொண்டு பிரித்தார். 1971இல் அது பலித்தது. அதுவே ஆர்ட்டிமிஸினின், எண்ணிறந்த உயிர்களைக் காத்தது, 2015இல் அவருக்கு நோபெல் பரிசையும் தந்தது. முன்னோர் சொல்லை அவர் வணங்கி வைத்துவிடவில்லை, தூக்கி எறியவும் இல்லை, சோதித்தார். முன்னோர்க்குச் செய்யும் மரியாதையில் இதனினும் மேலானது நமக்குத் தெரியவில்லை.

கருத்துப்பற்று தனி மனிதரைக் கெடுப்பதைப்போல நாடுகளையும் கெடுக்கும். சுதந்திரம் பெற்ற காலத்தில், நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டனர். 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தனர். 1960களின் நடுவில் நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தனர். "மலேரியா ஒழிந்தது" என்ற கருத்து நிலைத்தது. கண்காணிப்புத் தளர்ந்தது, கொசுவோ மருந்துக்குப் பழகிற்று. 1976இல் 64 லட்சம் பேர் மீண்டும் நோயுற்றனர். இலங்கையிலும் இவ்வாறே. 1963இல் அத்தீவு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. தெளிப்பதை நிறுத்தினர். 1969இல் நோயாளிகள் 5 லட்சத்துக்கு மேற்பட்டனர். வென்றோம் என்ற எண்ணத்தினும் வலிய பற்று வேறில்லை. ஆனால் இலங்கையார் அவ்வெண்ணத்தை விட்டு, ஒவ்வொரு காய்ச்சற்காரரின் இரத்தத்தையும் சோதிக்கும் பொறுமையை மேற்கொண்டனர். 2012க்குப் பின் அம்மண்ணில் பரவிய மலேரியா ஒன்றும் காணாமையால், 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தீவை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதன்பின்னும் அவர்கள் காவலைக் கைவிடவில்லை. பட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "கருத்து மாறிக்கொண்டேயிருப்பின், டாக்டர் இன்று கொடுக்கும் மருந்தை எதை நம்பி உண்பது? நாளை அதையும் மாற்றுவார்கள் அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. விடை இது. காற்றாடியும் திசை மாறுகிறது, படகோட்டியும் திசை மாற்றுகிறான். காற்றாடி மாறுவது காற்று வீசியதால். படகோட்டி மாற்றுவது கரையைக் கண்டதால். சான்று கண்டு மாறிய கருத்து முன்னையதினும் கரைக்கு அருகில் இருக்கின்றது. கொசுவின் கடியால் மலேரியா வருகிறது என்பது 1898 முதல் இன்றுவரை நிற்கின்றது. கெட்ட காற்றுக்கு எவரும் திரும்பிச் செல்லவில்லை. மாறக்கூடியது என்பதனாலேயே ஓர் அறிவு நம்பத்தகாததாகிவிடாது. எந்நாளும் மாறாதது என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வதைக் குறித்தே நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நாளை அதனினும் நல்ல மருந்து வரலாம்; ஆனால் இன்றைய காய்ச்சலுக்கு இன்று அறிந்தவற்றுள் சிறந்ததே மருந்து.

இனி நாம் செய்யத்தக்கவை சில. குளிரும் நடுக்கமும் கண்டால், "வெறும் ஜுரந்தான்" என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு மந்திரித்த கயிற்றையும் கஷாயத்தையும் தேடாமல், அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலேரியா என்று தெரிந்தால் டாக்டர் சொன்ன நாள் முழுவதும் மருந்தை உண்ணுங்கள். ஒருவகை மலேரியாக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழும். அதனை ஒழிக்கவே பிரிமாகுயின் மாத்திரையை இரத்தத்தின் தன்மையறிந்து 14 நாள் கொடுக்கின்றனர். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றவுடன் மாத்திரையை நிறுத்துவோர் நம்மிடையே பலர். அன்றாடக் கூலியைவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைவதன் கஷ்டம் நமக்குத் தெரியாததன்று. ஆனால் காய்ச்சல் நின்றதால் நோய் தீர்ந்தது என்பதும் ஒரு கருத்தே. அதுவும் சோதித்து விடத்தக்கதே. உறங்கும் கிருமி ஒருவனோடு நில்லாது. கொசுவின் வழியே அண்டை வீட்டுக் குழந்தைக்கும் செல்லும்.

கொசுவைப் பற்றி உபாசகர் சிலருக்கு ஓர் ஐயமும் உண்டு. கொல்லாமை என்னும் சீலத்தை ஏற்றவர் கொசுவை ஒழிக்கலாமா என்பர். நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு, மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகின்றது. தொட்டிக்கு இறுக மூடியிடுங்கள்; வாரம் ஒருமுறை பாத்திரங்களை வற்றவிட்டுத் தேய்த்துக் காயவையுங்கள்; குழந்தைகளை வலைக்குள் உறங்கச் செய்யுங்கள். மூடிய தொட்டியில் கொலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சீலத்தைக் காரணங்காட்டித் தொட்டியைத் திறந்துவைப்பவர், 1883இன் அந்த அதிகாரியைப்போலவே தம் கருத்தைக் காத்து, பிறர் பிள்ளையைக் கைவிடுகின்றார். கருணை எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நீங்களே தேருங்கள்.

நம்மிற் பலர், பிறப்பினால் தாழ்வு உண்டென்று தமக்குச் சொல்லப்பட்ட கருத்தை விட்டு இவ்வழிக்கு வந்தவர்கள். கைவிடும் துணிவு நமக்குப் புதியதன்று. ஆனால் பழைய கருத்தை ஒருமுறை விட்டவன், இனி விடுவதற்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாகாது. நேற்று விட்ட துணிவு நேற்றைக்குத்தான் போதும். இன்று நாம் பிடித்திருப்பவற்றுள் எவை துன்பத்தைத் தீர்க்கின்றன, எவை நம் பெருமையை மட்டும் காக்கின்றன என்று அவரவர் வீட்டிலும் சங்கத்திலும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணுவோர்க்குத் தம் கருத்தை விடுவதில் நாணம் வேண்டியதில்லை. பிறர் துன்பம் தீரும் இடத்தில் நம் கருத்து வீழுமாயின், அது வீழட்டும்.